பைலற் அணைகிறதென்று ராங்கை மாற்றலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். பேஸ்மென்றில் இருக்கும் காஸ் சுடுதண்ணி ராங்கின் பைலற், அதாவது எந்நேரமும் எரியும் சின்னச் சுடர், அடிக்கடி அணைந்துபோகிறது. திரும்பப் பற்றவைத்தால் எரிகிறது. உடுப்புத் துவைக்கும் நாட்களில்தான் கூடுதலாக இப்படி. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டபோது அந்த அறைக்குக் கதவு போட்டோம். வாசலுக்கு வந்த ஒருவர், “ராங்க் முடிஞ்சுது, மாத்தத்தான் வேணும்” என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ராங்கே ஒழுகத் தொடங்கினால் அதன் கதை முடிந்தது. உங்களுடையது ஒழுகவில்லையே.

பைலற் சுடருக்குள் சிறிய உலோகக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தேர்மோகப்பிள். சுடரின் சூட்டில் 25, 30 மில்லிவோல்ற் அளவு மின்சாரம் தரும். காஸ் வால்வைத் திறந்து பிடித்திருப்பது அந்தத் துளி மின்சாரம்தான். சுடர் போனால் வால்வு தானாக மூடும். பற்றவைத்துக் குமிழை விட்டவுடனேயே அணைந்தால் தேர்மோகப்பிளைச் சந்தேகிக்கலாம், அது மலிவான சாமான். நாள்கணக்கில் எரிந்துவிட்டு அணைந்தால் நான் முதலில் பார்ப்பது காற்றை.

ட்ரையர் ஓடும்போது அறைக் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. கதவு மூடியிருந்தால் பதில் காற்று எங்கிருந்து வரும்? புகைக்குழாய் வழியாகக் கீழே இறங்கி பைலற்றை அணைக்கும். கூடவே காபன் மொனொக்சைட்டும் வீட்டுக்குள் வரலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கீழே ஆட்கள் படுக்கிறார்கள். எனவே இன்றைக்கே கதவைத் திறந்து வையுங்கள். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ராங்கின் அடியில் காற்றுப் போகும் துவாரங்களில் ட்ரையர் பஞ்சு அடைந்திருக்கும், வக்யூம் தூரிகையால் எடுங்கள். கதவு திறந்திருக்கும்போது பைலற் நின்று எரிந்தால் காரணம் தெரிந்துவிட்டது. காற்றுப் போகும் சட்டம் வைத்த கதவு போடலாம். ஆனாலும் புகைக்குழாய் சரியாக இழுக்கிறதா என்பதை ரிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழ் உள்ள காஸ் ரெக்னீசியன் ஒருவர் பார்க்க வேண்டும்.

பற்றவைக்க முன் காஸை மூடி ஐந்து நிமிடம் பொறுங்கள். காஸ் மணந்தால் பற்றவைக்கவே வேண்டாம். வெளியே போய் நின்று காஸ் கொம்பனிக்குப் போன் பண்ணுங்கள்.

இனி அந்த வாசல்காரரைப் பற்றி. முதலில் ராங்க் உங்களுடையதா வாடகையா என்று பில்லிலும் ராங்கில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரிலும் பாருங்கள். ஒன்ராறியோவில் வாடகை ராங்குகள் ஏராளம். வாடகை என்றால் பெரும்பாலும் திருத்த வேண்டியது கொம்பனிதான், அவர்களைக் கூப்பிடுங்கள். வேறொருவர் அதைக் கழற்றிக்கொண்டு போனால் பழைய கொம்பனி உங்களிடமே காசு கேட்கும், புதியவருக்கும் மாதம் மாதம் கட்டுவீர்கள்.

கேட்காமல் வாசலுக்கு வந்து சுடுதண்ணி ராங்க், ஃபர்னஸ் கொன்ராக்ற் எழுதுவது இங்கே 2018 மார்ச் 1 முதல் தடை. ஒரு விலக்கு உண்டு: வாங்குவதற்காக நீங்களே கூப்பிட்டிருந்தால் கொன்ராக்ற் செல்லும். இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் “இலவசச் செக்கப், எத்தனை மணிக்கு வசதி?” என்று போன் வருகிறது. நேரம் சொன்னால், நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்று கதை மாறிவிடும். செக்கப்புக்கு வரச் சொல்வது வேறு, விற்க வரச் சொல்வது வேறு. நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம்.

இப்படிக் கையெழுத்து வாங்கியவர்கள் வீட்டுக் காணிப் பதிவிலேயே, வீட்டில் பூட்டிய சாமானில் தங்களுக்கு உரிமை உண்டு என்று உரிமை அறிவித்தல் போட்டுவைத்தார்கள். வீட்டை விற்கப் போனபோதுதான் பல வயதானவர்களுக்கு அது தெரிந்தது. அதை நிறுத்தச் சட்டம் வர 2024 ஜூன் ஆனது. இத்தனைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கூத்து அது!

அந்த மனிதர் மறுபடி வந்து, “கழிவு கிடைக்குமா என்று பார்க்கிறேன், காஸ் பில்லைக் காட்டுங்கோ” என்பார். காட்டாதீர்கள். உங்கள் கணக்கு இலக்கம் அதில்தான் இருக்கிறது.