வாட்ச் சொன்னால் நம்பலாமா? – வாசகர் கேள்வி பதில்

வாட்ச், மோதிரம், காதில் மாட்டும் பட்ஸ், தோலில் ஒட்டும் சென்சார் என்று உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறைய வந்திருக்கிறது. சர்க்கரையைப் பற்றிய கேள்விகள்தான் அதிகம், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: ஊசி குத்தாமலே சுகர் பார்க்கலாம் என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கினேன். மாமியாருக்குக் கட்டினால் எப்போதும் 98, 104 என்றே காட்டுகிறது. லேபில் பார்த்தால் 212. வாட்ச் பழுதா, மாற்றித் தருவார்களா? – வாசகி, கும்பகோணம்

பதில்: பழுதெல்லாம் இல்லை, அது அப்படித்தான். மாற்றி வாங்கினாலும் அடுத்ததும் 98 என்றுதான் சொல்லும். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது.

வாட்சைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும், அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும், அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு. சிவப்பும் அகச்சிவப்பும் சேர்த்து அடித்தால் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடலாம், அந்த யோசனை ஜப்பானில் 1974-லேயே டாக்குவோ அயோயாகி என்ற பொறியாளருக்கு வந்துவிட்டது, கொரோனா சமயத்தில் நாம் விரலில் மாட்டியது அதன் வாரிசுதான். ஆனால் சர்க்கரைக்கு நிறம் கிடையாது. அளவோ 100 என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம்தான். நிறமில்லாத ஒரு கிராமை, தோல், வியர்வை, முடி எல்லாவற்றையும் தாண்டி வெளியிலிருந்து விளக்கடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகளே வருஷக்கணக்காக முட்டி மோதிக்கொண்டிருக்கிற விஷயம் இது, 1,800 ரூபாய் வாட்சில் எப்படி வரும்? சில மலிவு வாட்ச்களைத் தலையணையில் கட்டினாலும் நாடித்துடிப்பு காட்டும், நம்பாவிட்டால் கட்டிப் பாருங்கள்.

காசு போனது போகட்டும். அந்த 98-ஐப் பார்த்து மாமியார் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார், இல்லை பாயசத்தில் கை வைக்கப் போகிறார், அதுதான் பயம். மணி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: டாக்டர் சொல்லிக் கையில் சுகர் பேட்ச் ஒட்டியிருக்கிறேன். சாப்பிட்ட பிறகு விரலில் குத்திப் பார்த்தால் 178, அதே நேரம் போனில் 151. இதுவும் ஏமாற்றா? ராத்திரி 2 மணிக்கு 58 என்று அலாரம் வேறு அடித்து வீட்டையே எழுப்பிவிட்டது. – வாசகர், மன்னார்குடி

பதில்: இது ஏமாற்று இல்லை, உண்மையான கருவி. பேட்சுக்கு அடியில் தலைமுடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ளே போயிருக்கும், அது தொடுவது ரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையே இருக்கும் நீரை. சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறி, பிறகுதான் அந்த நீருக்குப் போகும். மேட்டூரில் தண்ணீர் திறந்த அன்றைக்கே கடைமடை நனைந்துவிடாது என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தாமதம் நாள் கணக்கில் இல்லை, பத்து நிமிடம் முன்னே பின்னே. சாப்பிட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்ச் குறைத்துக் காட்டும், நடந்துவிட்டு வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது கூட்டிக் காட்டும். அதனால் எண்ணைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதன் பக்கத்தில் காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள்.

ராத்திரி 58-க்கு வருவோம். எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள்? பேட்ச் ஒட்டிய கையின் மேலேயே படுத்தால் அந்த இடம் அழுந்தி எண் சரிந்துவிடும், புரண்டு படுத்ததும் ஏறிவிடும். கிராஃபில் கிணறு தோண்டினாற்போல் செங்குத்தாக இறங்கி அதே மாதிரி ஏறியிருந்தால் பெரும்பாலும் இதுதான். ஆனால் அப்படியென்று நீங்களாக முடிவு கட்டித் தூங்கிவிடாதீர்கள், இன்சுலின் போடுபவர் என்றால் எழுந்து ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்து பேட்ச் மட்டும் நார்மல் என்று சொன்னாலும் அதே வழிதான்.

இன்னும் இரண்டு விஷயம். ஒட்டிய முதல் நாள் எண்கள் கொஞ்சம் தடுமாறும். அப்புறம், சில வகை பேட்ச்களில் வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டால் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். மற்றபடி இதன் அருமை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் எடுக்கும் ஒற்றை எண் சொல்லாததை இது சொல்லும். நாலு இட்லியும் சாம்பாரும் எவ்வளவு ஏற்றுகிறது, அதே நாலு இட்லிக்குப் பிறகு கால் மணி நேரம் தெருவில் நடந்தால் அந்த மேடு எவ்வளவு தணிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே நடக்கிறார்கள்.

கேள்வி: 10,000 அடி நடந்தால்தான் பலனா? எனக்கு வயது 67, 5,000-க்கே மூச்சு வாங்குகிறது. வாட்ச் தினமும் திட்டுகிறது. – வாசகி, கோவை

பதில்: அந்த 10,000 எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965-ல் ஒரு ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயர் அது, கேட்க முழுசாக இருக்கிறது என்று உலகமே பிடித்துக்கொண்டது. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து வெளிவந்த ஆய்வில், சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது, 7,500-க்கு மேல் போனால் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, உங்கள் 5,000 நல்ல 5,000. இலக்கை வாட்ச் செட்டிங்கில் 5,500 என்று மாற்றிவிடுங்கள், திட்டு நின்றுவிடும். மூச்சு வாங்குவதை மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், அது வாட்சோடு தீர்க்கிற விஷயமில்லை.

கேள்வி: வாட்ச் 640 கலோரி எரித்தேன் என்றது. அதை நம்பி ஒரு பிரியாணி சாப்பிட்டேன். சரிதானே? – வாசகர், ஆம்பூர்

பதில்: பிரியாணி சரி, கணக்கு தப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே சொல்லின. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்.

கேள்வி: வீட்டுக்குள் பட்ஸில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. மொட்டை மாடியில் நடக்கும்போது மட்டும் விட்டு விட்டு வருகிறது. திறந்தவெளியில்தானே சிக்னல் நன்றாக இருக்க வேண்டும்? – வாசகர், சேலம்

பதில்: நல்ல கேள்வி. போன் பேன்ட் பாக்கெட்டில்தானே? அங்கிருந்து காது வரை குறுக்கே நிற்பது நீங்கள். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். வீட்டுக்குள் அலைகள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி எப்படியோ காதுக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் பட்டுத் திரும்ப ஒன்றுமே இல்லை. போனைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள், இல்லை பேன்டிலேயே மறு பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் சரியாகிவிடும். காது கேட்கும் கருவி செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பேச நடுவில் தலை தடுக்கிறது என்று, பல கருவிகளில் அந்த வேலைக்குக் காந்தப்புலத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் தடையாக இருக்கும் இதே உடம்பை ஒயராகப் பயன்படுத்தவும் ஆள் யோசித்திருக்கிறார். அமெரிக்காவின் எம்ஐடியில் தாமஸ் ஸிம்மர்மேன் என்பவர் 1990-களின் நடுவிலேயே, இரண்டு பேர் கை குலுக்கினால் ஒருவரின் விசிட்டிங் கார்டு விவரம் மற்றவரின் கருவிக்குப் போய்விடும்படி உடம்பு வழியாகவே மின்சைகையை அனுப்பும் முறையை உருவாக்கினார். உடம்பில் மாட்டும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று 2012-ல் வந்த 802.15.6 என்ற தொழில்நுட்பத் தரத்திலும் இந்த வழிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கடைகளில்தான் இன்னும் பரவலாக வரவில்லை.

கேள்வி: காதில் ஒன்று, கையில் ஒன்று, பையில் ஒன்று. இத்தனை புளூடூத் கதிர்வீச்சு உடம்புக்கு ஆகுமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: சாதாரண புளூடூத் கருவியின் அதிகபட்சத் திறனே சுமார் 2.5 மில்லிவாட். கையிலிருக்கும் போன் டவரோடு பேசும்போது 200 மில்லிவாட் வரை போகும். கவலைப்படுவதானால் போனைப் பற்றிப் படுங்கள், அதுவும்கூட எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும் வகைக் கதிர் இல்லை. பட்ஸில் உண்மையான ஆபத்து சத்தம்தான். அப்புறம் அதை மாட்டிக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டுவது.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் கட்டலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: கட்டலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. சிக்கல் புளூடூத்தில் இல்லை, காந்தத்தில். சில போன்கள், வாட்ச்கள், பட்ஸ் பெட்டிகளில் வலுவான காந்தம் இருக்கும், அது நெருங்கினால் பேஸ்மேக்கர் தன் வழக்கமான வேலையை விட்டு வேறு முறைக்குப் போய்விடலாம். 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடியாவது தள்ளியே இருக்கட்டும் என்பது எஃப்டிஏவின் அறிவுரை. சட்டைப் பையில் போன் வேண்டவே வேண்டாம். வாட்சைக் கட்டிய கையை மார்பில் வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் படுக்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், வயது 74. விழுந்தால் தானாக போன் செய்யும் வாட்ச் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். பயன்படுமா? – வாசகர், சென்னை

பதில்: பயன்படும், ஆனால் அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று முதலில் யோசித்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான வாட்ச்கள் தாமாக யாரையும் அழைப்பதில்லை, புளூடூத் வழியாகப் போனிடம் சொல்லிப் போன்தான் அழைக்கும். அம்மாவின் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும், அவர் கொல்லைப்புறத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் வாட்சின் கூப்பாடு போனுக்கு எட்டாது. அதனால் தனி இணைப்பு உள்ள, இ-சிம் போடும் வாட்சாகப் பாருங்கள், விலை கூடத்தான் செய்யும். வீட்டில் அந்த நெட்வொர்க் சிக்னல் கிடைக்கிறதா, குறிப்பாக பாத்ரூமில், என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துவிடுங்கள்.

சார்ஜ் எப்போது போடுவது என்பது இதைவிட முக்கியம். எல்லோரும் ராத்திரி கழற்றிச் சார்ஜில் போடுகிறோம், ஆனால் வயதானவர்கள் இருட்டில் பாத்ரூமுக்குப் போகும்போதுதான் தடுக்கி விழுகிறார்கள். குளிக்கும்போது போடலாம் என்றால் வழுக்குவதும் அங்கேதான். சாயங்காலம் டிவி சீரியல் ஓடும் நேரம் சரி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அப்புறம், வாட்ச் விழுவதைப் பார்ப்பதில்லை. சட்டென்று ஓர் அதிர்வு, அதற்குப் பின் அசைவில்லை, இந்த வரிசையை வைத்துத்தான் அது யூகிக்கிறது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் அதற்குத் தெரியாமல் போகலாம். பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரை முதல் நம்பராகப் போடுங்கள், உங்களுடையதை இரண்டாவதாக. சென்னையிலிருந்து நீங்கள் போய்ச் சேருவதற்குள் அவர் நாலு முறை போய்ப் பார்த்துவிடுவார்.

கேள்வி: நெஞ்சு இறுக்கமாக இருந்தது, வாட்சில் இசிஜி எடுத்தேன், நார்மல் என்று வந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். சரியா? – வாசகர், விருதுநகர்

பதில்: சரியில்லை. வாட்ச் இதயத்தை ஒரே கோணத்தில் பார்க்கிறது, ஆஸ்பத்திரி இசிஜி பன்னிரண்டு கோணத்தில். துடிப்பின் ஒழுங்கு தப்புவதைக் கண்டுபிடிக்கத்தான் வாட்ச் இசிஜி, மாரடைப்பைக் கண்டுபிடிக்க இல்லை. தயாரித்தவர்களே திரையில் அப்படி எழுதியிருக்கிறார்கள், நாம்தான் படிக்காமல் ஓகே அழுத்துகிறோம். இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் டாக்டரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மறுபடி வந்தால் நேராக 108.

கேள்வி: உங்களுக்குச் சொந்தமில்லாத டிராக்கர் உங்களோடு பயணிக்கிறது என்று போனில் ஒரு எச்சரிக்கை வந்தது. பயமாக இருக்கிறது. – வாசகி, திருச்சி

பதில்: சாவி தொலையாமலிருக்க மாட்டும் ஏர்டேக் போன்ற வில்லைகளை இப்படித் தப்பாகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், அதற்காகவே ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் இந்த எச்சரிக்கையை இரண்டு வகைப் போனுக்கும் பொதுவாகக் கொண்டுவந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருடைய பையில் இருந்த வில்லையாகவும் இருக்கலாம். ஒரே எச்சரிக்கை மறுபடி வந்தால், அந்த அறிவிப்பிலேயே ஒலி எழுப்பும் பட்டன் இருக்கும், அழுத்திவிட்டுப் பையின் அடி, வண்டி சீட்டின் கீழே, நம்பர் பிளேட் பின்னால் எல்லாம் தேடுங்கள். கிடைத்தால் உடனே பேட்டரியைக் கழற்றாதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள், ஏர்டேக் என்றால் போனின் பின்பக்கத்தை அதன்மேல் வைத்தால் சீரியல் நம்பர் வரும், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு கழற்றிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். துணைக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

கேள்வி: வாட்ச் கட்டிய இடத்தில் வட்டமாக அரிக்கிறது. – வாசகர், தூத்துக்குடி

பதில்: வியர்வையும் சோப்பும் பட்டைக்கு அடியில் தேங்குகிறது, அவ்வளவுதான் பெரும்பாலும். பட்டையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள், ஒரு துளை தளர்த்திக் கட்டுங்கள், கொஞ்ச நாளைக்கு மறு கைக்கு மாற்றுங்கள். அப்படியும் அடங்காமல் பக்கிள் படும் இடத்தில் மட்டும் அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், துணிப் பட்டைக்கு மாறிவிடுங்கள்.