பெட்டியில் ஆயிரம் வாட், கூடத்தில் எதிரொலி: ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

வீடுகளில் ஸ்பீக்கர் பொருத்துவதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பிழைப்பு. கடை எதுவும் வைத்திருக்கவில்லை, ஆகவே எதையும் உங்கள் தலையில் கட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஹோம் தியேட்டர் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். விலை கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் அது மாறியிருக்கும்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: சார், கூடம் 10 அடிக்கு 14 அடி. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. சவுண்ட்பார் வாங்குவதா, ரிசீவரும் தனி ஸ்பீக்கர்களும் வாங்குவதா?

வாடகை வீடா, சொந்த வீடா என்று சொல்லவில்லையே! ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்றால், கீழ்ஸ்தாயிக்கான சப்வூஃபர் பெட்டி தனியாக வரும் சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டி) ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். பணமும் மிஞ்சும்.

சொந்த வீடு என்றால் என் யோசனை வேறு. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபருமாக ஆறு பெட்டிகள். ஆறையும் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒலியைப் பிரித்து ஒவ்வொரு பெட்டிக்கும் சக்தியோடு அனுப்புவது ரிசீவர். ஆரம்ப நிலை ரிசீவர் ஒன்றுக்கே பாதிப் பணம் போய்விடும். மீதியில் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும் நல்லதாக எடுங்கள். அடுத்த தீபாவளி போனஸில் சப்வூஃபர், அதற்கடுத்து நடு ஸ்பீக்கர், பின்பக்க ஜோடி கடைசியில். அதே பணத்துக்கு ஆறு பெட்டிகளையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்துத் தருகிறவர்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

ரிசீவர் எட்டுப் பத்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் பாடும். வாங்கும்போது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஃபோம் வளையம் ஒரு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அப்பளம் போல நொறுங்கிவிடும்.

விழுப்புரத்திலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிபயர் மலிவாகக் கிடைக்கிறது. ஆயிரம் வாட் என்கிறார்கள். நம்பலாமா?

தம்பி, மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதன் மேல் 12-0-12, 5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கப் பன்னிரண்டும் சேர்ந்த 24 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 120. சுவரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குள் வரும் மொத்தச் சரக்கே அவ்வளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பமாகப் போகும். மிஞ்சுவது 70 வாட் பக்கம். ஆறு சேனலுக்கும், அதாவது ஆறு பெட்டிக்கும், பிரித்தால் தலைக்குப் பன்னிரண்டு வாட்டுக்கும் குறைவு. ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டால் ‘பிஎம்பிஓ’ என்பார். அந்த எழுத்துகளுக்கு எந்த அளவுமுறையும் கிடையாது. வாய்க்கு வந்த எண்ணை அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பன்னிரண்டு வாட்டே வீட்டுக்குப் போதும். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும். பத்து வாட் கொடுத்தால் 98. அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவு அது. நாம் அன்றாடம் படம் பார்ப்பது ஒன்றிரண்டு வாட்டில்தான். சத்தம் இரு மடங்காகக் காதில் பட வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும்; 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே வெறும் 3 டெசிபெல்தான். உண்மையைச் சொன்னாலே விற்கும் பொருளுக்கு ஏன் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அசெம்பிள் செட்டை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். என் கையும் அப்படி ஒரு கிட்டில்தான் முதலில் சுட்டுக்கொண்டது. ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு சேனலும் தன் பெயரைத் தானே சொல்லும் 5.1 சோதனைக் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். இடது, நடு, வலது என்று குரல் முறையாக ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தனித்தனியே வர வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் பேசினால் உள்ளே இருப்பது ஆறு சேனலையும் பிரித்தெடுக்கும் டிகோடர் அல்ல. இரண்டு சேனலை ஆறு இடத்துக்குப் பங்கு போடும் போர்டு.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா: படம் பார்க்கும்போது வசனம் முணுமுணுப்பாக இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. மாமியார் ரிமோட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். புது ரிசீவர் வாங்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா, எதுவும் வாங்க வேண்டாம். எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான்.

முதலில் டிவியின் ஒலி அமைப்புக்குள் போய், டிஜிட்டல் அவுட்புட் என்ன என்று பாருங்கள். பிசிஎம் என்று இருந்தால் பல டிவிகள் எல்லாவற்றையும் இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்புகின்றன. அதைப் பாஸ்-த்ரூ அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவானது. அது அங்கே போய்ச் சேர்ந்தாலே பாதி வியாதி தீரும்.

அடுத்து, அந்த நடு ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? சென்ற மாதம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், முழங்காலுக்கும் கீழே, கொலு பொம்மைகள் இரண்டுக்குப் பின்னால் ஒன்றரை அடி உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பொம்மைகளை மாற்றி வைத்து, பெட்டியைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் கதவுத் தடுப்பு ஒன்றைச் செருகி, முகம் சோபாவில் உட்காருபவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் புது ஸ்பீக்கரா என்று கேட்டார்.

அதன் பிறகும் குறை இருந்தால் ரிசீவரில் சென்டர் அளவை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். இரவில் ‘நைட் மோட்’ போட்டால் உரத்த சத்தம் அடங்கி, மெல்லிய சத்தம் மேலே வரும். கடைசியாக, கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டங்’ என்று உலோகச் சத்தம் போல வால் நீண்டால் குற்றவாளி டைல்ஸ் தரையும் வெறும் சுவரும்தான். கனமான திரைச்சீலையும், சோபாவுக்கு முன்னால் தடித்த ஜமுக்காளமும் போடுங்கள். பவானிக்குப் போய் வாங்கினால் அழகுக்கும் ஆயிற்று.

ஒரு கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகுமாமே?

போகாது. கரப்பான் பூச்சி வரும். புத்தக அலமாரி வையுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் வயர் போட்டிருக்கிறேன். எச்டிஎம்ஐ ஏஆர்சி, இஏஆர்சி என்கிறார்களே, மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற டால்பி முறை, வேண்டுமென்றால் தெரியும். ஏஆர்சி என்பது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயர் வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி; இஏஆர்சி அதன் மேம்பட்ட வடிவம். ஆப்டிகல் வழியில் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) போகும், சுருக்கப்பட்ட பழைய 5.1 போகும், அதற்கு மேல் இடமில்லை. ஓடிடி தளங்களின் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவில் வருகிறது. அது ஆப்டிகலில் ஏறாது. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த சாதாரண ஏஆர்சி அதைத் தாங்கும், டிவி அனுமதித்தால். 2017-இல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த இஏஆர்சி, புளூரே வட்டின் தரம் குறையாத ஒலியையும் சுமக்கும். ஆனால் புளூரே பிளேயரை நேராக ரிசீவரிலேயே செருகிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். டிவியில் சிஇசி என்ற, கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் அமைப்பையும் இயக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள்.

கேரள எல்லையிலிருந்து, செங்கோட்டை: எங்களுடையது மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. மேல்நோக்கிப் பாடும் அட்மாஸ் ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்த வகை ஸ்பீக்கர் ஒலியைக் கூரையில் அடித்து, அது திரும்பி உங்கள் தலைமேல் விழ வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. கூரை சமதளமாக, ஏறத்தாழ 8 முதல் 12 அடி உயரத்தில் இருக்க வேண்டும். சாய்ந்த ஓட்டில் பட்ட ஒலி எங்கோ போய்விடும். குறுக்கு உத்திரத்தில் சிறிய ஸ்பீக்கர் இரண்டைக் கீழ்நோக்கி மாட்டுங்கள். உங்கள் வீட்டு அழகுக்கு அதுவே பொருத்தம்.

மதுரையிலிருந்து ஒருவர்: மீட்டர் நானூறு ரூபாய் சொல்லும் ஸ்பீக்கர் வயருக்கும் சாதாரண வயருக்கும் என்ன வித்தியாசம்?

மீட்டருக்கு நானூறு ரூபாய்தான் வித்தியாசம்.

செம்பு வயரில் 1.5 சதுர மில்லிமீட்டர் எடுத்தால், ஒரு மீட்டருக்கு மின்தடை 0.0115 ஓம். பத்து மீட்டர் தூரத்துக்குப் போகவர இருபது மீட்டர், ஆக 0.23 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் அதில் மூன்று சதவீதம்கூட இல்லை. காதுக்குத் தெரியாது. அதைவிட நீளமாக ஓடினால் 2.5 போடுங்கள்.

ஏமாறும் இடம் வேறு. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று விற்கிறார்கள். இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மின்சாரத்தைக் கடத்துவதில் செம்புக்கு நூறு என்றால் அலுமினியத்துக்கு அறுபது சொச்சம்தான். கடலோர ஊர்க்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை வயர் நுனியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிச் செருகுங்கள்.

ஓர் அடுக்குமாடிவாசி, சென்னை: சப்வூஃபரை எங்கே வைப்பது? மூலையில் வைத்தால் காது அடைக்கிறது, டிவி பக்கத்தில் வைத்தால் சத்தமே இல்லை.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்யுங்கள். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோபா மேலேயே வையுங்கள். நல்ல கீழ்ஸ்தாயி உள்ள பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஆமாம், குழந்தை போல. சில இடத்தில் குமுறும், சில இடத்தில் காணாமல் போகும், ஏதோ ஓரிடத்தில் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழும். அந்த இடம்தான் சப்வூஃபருக்கு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்கு இணையான கருவியை நான் இன்னும் வாங்கவில்லை.

காரணம் அறையின் நீளம். 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவருக்கும் இடையே ஊஞ்சலாடும். சுவரோரம் பெருத்து, நட்டநடுவில் மெலியும். சோபாவை அறையின் சரிபாதியில் போட்டிருந்தால் ஓரடி பின்னால் தள்ளுங்கள். பிறகு ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வைத்து, ஒலியைச் சப்வூஃபருக்குப் பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ‘ஸ்மால்’ என்றால் மட்டம் என்று அர்த்தமல்ல. கீழ்ஸ்தாயியைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும் என்று பொருள். கீழ்வீட்டுக்காரருக்கு அதிர்வு போகாமலிருக்க அடியில் தடித்த ரப்பர் விரிப்பு உதவும், ஓரளவுக்குத்தான்.

சேலத்திலிருந்து ஒருவர்: படம் ஓடாதபோதும் சப்வூஃபர் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

கேபிள் டிவி வயரையோ டிஷ் வயரையோ செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். உறுமல் நின்றதா? அப்படியானால் பழுதில்லை, கேபிள் வழியாக ஓர் எர்த்தும் வீட்டு எர்த் இன்னொன்றுமாக வளையம் போட்டிருக்கின்றன. எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்விட்ச் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். தீராவிட்டால் கேபிள் வயருக்கு அந்த வளையத்தை அறுக்கும் ஐசொலேட்டர் ஒன்று போடலாம். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உறுமல் நிற்கும்தான், ஆனால் ஒருநாள் ஆளையே அடிக்கும்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: ரிசீவர் கொதிக்கிறது, தானாக அணைந்தும் போகிறது. ஸ்டெபிலைசர் வாங்கட்டுமா?

முதலில் அதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். மேலே அரை அடியாவது காலியிடம் வேண்டும். செட்டாப் பாக்ஸை அதன் முதுகில் ஏற்றக்கூடாது. மேலே துணி போர்த்தும் வழக்கம் இருந்தால் அதற்கும் விடைகொடுங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு: வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே போய் இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடந்ததை நானே மூன்று முறை எடுத்திருக்கிறேன். காற்றுத் துளைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டலாமா என்று கேட்காதீர்கள், தூசி அடைத்துக்கொள்ளும்.

மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் தேவைதான். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். சதுர அலை வகையில் டிரான்ஸ்பார்மர் முனகும். கோடை மழையில் இடி கேட்டால் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்தப் பின்வாசல் வழியாகவும் வரும்.

புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஹோம் தியேட்டர் இரண்டு வருடம் கழித்துத்தான். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்கச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

ரிசீவர் வரும் இடத்திலிருந்து டிவிக்கு ஒன்று, பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் தனித்தனியே ஒன்று, சப்வூஃபருக்கு ஒன்று என்று பிவிசி பைப் போடச் சொல்லுங்கள். டிவிக்குப் போவது ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். எச்டிஎம்ஐ முனை முக்கால் அங்குலப் பைப்பில் நுழைந்தாலும் வளைவில் சிக்கிக்கொள்ளும். சட்டென்று திரும்பும் எல்போ வேண்டாம், நீள வளைவுதான் வேண்டும். கரண்டு வயர் போகும் பைப்பிலிருந்து ஓரடியாவது தள்ளி ஓடட்டும். பின்பக்க ஸ்பீக்கர் முனைகளை, உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு நேரே, அல்லது சற்றுப் பின்னே வருமாறு வையுங்கள்; காதைவிட ஓரடி, இரண்டடி உயரம் போதும், பரண் உயரத்துக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு பைப்புக்குள்ளும் நைலான் கயிறு ஒன்றை இழுத்து இரு முனையிலும் முடிச்சுப் போட்டுவிடுங்கள். பூசுவதற்கு முன் சுவரில் அளவு டேப்பைப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் வயரை இப்போதே உள்ளே விடலாம், அது மாறாது. எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் இன்றைக்கு வாங்கிப் புதைக்காதீர்கள். ஐந்து மீட்டருக்கு மேல் தூரம் என்றால் ஒளியிழை வகை தேவைப்படும். அதில் எந்த முனை டிவிக்கு என்று எழுதியிருக்கும். அதை டிவி வாங்கும் வாரத்தில் வாங்கி, அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.