மேடை வேண்டாம், ஆய்வு வேண்டும்

கேள்வி: வயது 22. பி.ஏ. இசை முடித்துவிட்டேன். கச்சேரி செய்வதைவிடப் பழைய பாட்டுகளின் வரலாற்றைத் தேடுவதில்தான் ஆசை. இசை ஆய்வை நம்பிப் பிழைக்க முடியுமா? அம்மா பயப்படுகிறார்.

பதில்: முடியும். ஆனால் இடங்கள் குறைவு. அம்மாவின் பயம் நியாயமானதுதான். அதனால் வருமானத்தை முதலில் பேசிவிடுவோம். எம்.ஏ. இசையில் 55 சதவீதம் எடுத்தால் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தேர்வான யுஜிசி நெட் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இதற்குப் பொது வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் பணியிடம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பழைய ஒலிப்பதிவுகளைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் வேலையையும் கற்று வையுங்கள். 1982-இல் தொடங்கிய, இதற்கென்றே உள்ள ஓர் இசை ஆவணக் காப்பகம் இப்போது குருகிராமில் இயங்குகிறது.

சரி, ஆய்வு உங்களுக்கு ஒத்துவருமா? எம்.ஏ. சேரும் முன்பே சோதித்துப் பார்த்துவிடலாம். முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' கீர்த்தனை உங்களுக்குப் பாடமாகியிருக்கும். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் அதன் சுரக்குறிப்பு இருக்கிறது. மூலம் தெலுங்கு எழுத்தில். சென்னை மியூசிக் அகாடமி தமிழிலும் பதிப்பித்திருக்கிறது. சுரங்களோடு இருக்கும் கமகக் குறிகளை, அதாவது சுரத்தை எப்படி அசைத்துப் பாடுவது என்று காட்டும் குறிகளைக் கவனித்துப் பாடிப் பாருங்கள். நாம் கச்சேரியில் அடுக்கும் சங்கதிகளை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை, அங்கே காணாமல் திகைப்பீர்கள். அவற்றில் பல பின்னால் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடகர் மகா வைத்தியநாதய்யர் சேர்த்ததாகச் சொல்வார்கள். அந்தச் 'சொல்வார்கள்' என்ற இடத்தில்தான் நம் வேலை தொடங்குகிறது. பழைய இசைத்தட்டுகள் மூன்றைத் தேடிப் பிடித்து, பல்லவியை மட்டும் ஒவ்வொரு சங்கதியாகக் கேட்டுச் சுரப்படுத்தி ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நிமிடப் பாட்டுக்கு இரண்டு நாள் ஆகலாம். அந்த இரண்டு நாளும் அலுக்கவில்லை என்றால் தயங்காமல் வாருங்கள்.

தெலுங்கு எழுத்தும், தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் இப்போதே படியுங்கள். புதுக்கோட்டை அருகே, சுரங்களைப் பொறித்து வைத்திருக்கும் பழைய குடுமியான்மலை இசைக் கல்வெட்டே கிரந்தத்தில்தான் இருக்கிறது. அதைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டு ஆய்வு செய்ய முடியாது. மேடை வேண்டாம் என்றாலும் சாதகத்தை விட்டுவிடாதீர்கள். தொண்டையில் பிடிபடாத கமகம் காதிலும் பிடிபடாது.

ஆய்வு நெறியாளரைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பல்லவி நோட்டையும் எடுத்துப் போங்கள்.