மண் ரோட்டில் பைக்: மீட்டரைவிடத் தூசியைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். 200 சிசி பைக் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நாலைந்து பேர் பாகூர், பண்ருட்டிப் பக்கம் மண் ரோடுகளில் ஓட்டுகிறோம். மணல் வந்தால் முன்சக்கரம் அலைபாய்கிறது, விழுந்தும் இருக்கிறேன். சமீபத்தில் ஒரு முந்திரித் தோப்பு வழியில் ஊர்க்காரர்கள் மறித்துச் சத்தம் போட்டார்கள். யார் மேலும் மோதவில்லை, பொதுவழிதானே? எங்கள் மேல் என்ன தவறு?

பதில்: தோப்புக்குள் போனது எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. பங்குனி, சித்திரை என்றால் அவர்கள் சத்தத்தோடு விட்டதே பெரிய விஷயம். முந்திரிப் பழம் பழுத்துத் தானாகக் கீழே விழும். பொறுக்குவதற்கு வசதியாக மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் மண் தரை. அதில் நாலு பைக் வளைந்து திரும்பினால் கொட்டை மண்ணுக்குள் போய்விடும், அன்றைய கூலியும் அதோடு போகும்.

பொதுவழியா என்பதும் அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. கிராமத்துப் புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வண்டிப்பாதை என்று பதிவான வழிகள் உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் போய்வரட்டும் என்று சொந்தப் பட்டா நிலத்தில் விட்டிருக்கும் வழிகளும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோட்டை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருக்கும். “அண்ணே, இந்த வழியா வண்டி போகலாமா?” என்று கேட்டுவிடுங்கள். வழி தெரிவதோடு, வந்திருப்பது யார் என்று ஊருக்கும் தெரிந்துவிடும்.

நீங்கள் மோதவில்லை, சரி. ஆனால் தூசி மோதியிருக்கும். மண் ரோட்டில் எந்த வேகத்தில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மீட்டரைப் பார்க்காதீர்கள், கண்ணாடியில் பின்னால் எழும் தூசியைப் பாருங்கள். எதிரே ஆளோ வீடோ களமோ தெரிந்தால், தூசி எழாத அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். காய்ந்த செம்மண்ணில் இரண்டாவது கியரில் 15, 20 கிலோமீட்டர் வேகம்தான் வரும். நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியும் கூடையுமாக வரிசையாக வரும் பெண்கள் உங்களைக் கண்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓரம் ஒதுங்குகிறார்கள் என்றால், நீங்கள் ஏற்கெனவே வேகமாகத்தான் வருகிறீர்கள்.

கூட்டமாகப் போகும்போது முன்வண்டியின் தூசி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இது உங்கள் உயிருக்காகவும்தான். பாதையில் நான் அதிகம் பயப்படுவது பள்ளத்துக்கு இல்லை, மாட்டுக் கயிற்றுக்கு. முளைக்குச்சி ஒரு ஓரத்தில் இருக்கும், மாடு எதிர் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். நடுவில் கிடக்கும் கயிறு மண் நிறத்திலேயே இருக்கும். நீங்கள் கிட்டே வரும்போது மாடு மிரண்டு தலையைத் தூக்கினால் கயிறு முழங்கால் உயரத்துக்கு விறைத்து நிற்கும். ஓரத்தில் தனியாக ஒரு மாடோ ஆடோ நின்றால் முதலில் எதிர்ப்பக்கம் முளை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி மணல். முன்சக்கரம் அலைவது இயல்பு, அதை அடக்கப் பார்ப்பதால்தான் விழுகிறீர்கள். மணல் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முட்டியால் டேங்கை அணைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் அது மணலில் புதையாது. ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள். பயந்து சட்டென்று விட்டால் பாரம் முன்னால் வந்து சக்கரம் மடங்கிவிடும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது, பத்திருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் இருக்கலாம். தார் ரோட்டில் அது காப்பாற்றும். உதிரிச் சரளையிலும் மணலிலும் வண்டி நிற்க எடுக்கும் தூரத்தை அதிகமாக்கும். அதனால் பிரேக்கைச் சீக்கிரமே தொடங்குங்கள். பின்பிரேக்கோடு முன்பிரேக்கை மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். டியூப் டயர் என்றால் காற்றை மூன்று நான்கு பிஎஸ்ஐக்கு மேல் குறைக்க வேண்டாம். கல்லில் அடிபட்டு டியூப் கிழியும், ரிம்மும் நெளியும்.

பாகூர் ஏரி, ஊசுட்டேரி மாதிரி கரைகளில் மழைக்காலத்தில் பைக் ஏற்றவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்கரையில் பதிந்த சக்கரத் தடம் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடும் வழியாகிவிடும். அங்கிருந்துதான் கரை அரிக்கத் தொடங்கும். வயல் வரப்புக்கும் இதேதான். அப்புறம், பண்ருட்டிச் செம்மண் மழை விட்டதும் சீக்கிரம் வடிந்துவிடும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களிமண் அப்படி இல்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அங்கே போவதை மண் காயும்வரை தள்ளிப்போடுங்கள்.

உளுந்து, எள் அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே செடியைப் பரப்பி வைப்பார்கள். அது சட்டப்படி சரியில்லைதான், அதற்காக மேலே ஏற்றிப் போய்விடாதீர்கள். காய்ந்த கொடி செயினில் சுற்றிக்கொள்ளும், கீழே உருளும் மணியில் சக்கரம் வழுக்கும். நிறுத்தி, கேட்டு, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். கடற்கரை மணலையும் விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் என்ற கடல் ஆமைகள் இந்தக் கரையில் ஏறி மணலுக்குள் முட்டையிடும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

உங்கள் கூட்டத்தில் யாராவது சைலன்சரை மாற்றியிருந்தால் கம்பெனி சைலன்சரையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். போலீஸ் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், சினை மாடு மிரண்டு ஓடினால் ஊரில் பதில் சொல்லி முடியாது. பையில் ஒரு டியூபும் பம்பும் இருக்கட்டும், கருவேல முள் சாதாரண டயரைத் துளைத்துவிடும். செம்மண் தூசியில் ஓட்டி வந்தால் அன்றைக்கே ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செயினைத் துடைத்த பிறகு எண்ணெய் விடுங்கள், தூசியோடு விட்டால் அது அரம்போல அறுக்கும்.