வெட்டிக்குப் பறையடித்தல் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மதுரையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு வருடமாகப் பறை அடிக்கிறேன், நண்பர்களோடு வீதி நாடகமும் போடுகிறேன். முகூர்த்த நாட்களில் மண்டபங்களில் பந்தி பரிமாறப் போவேன், ஒரு நாளைக்கு 500 ரூபாய் கிடைக்கும். இப்போது ஓர் அமைப்பு பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'கலையும் சமூகநீதியும்' என்று மூன்று மாதப் பணி ஒன்றை அறிவித்திருக்கிறது. கிராமங்களில் தங்கி நாடகம் தயாரிக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் உதவித்தொகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'தேவையில்லை, சேவையாகவே செய்கிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சமூகநீதிக்காகச் செய்வதற்குக் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. காசு வாங்கினால் கலை கூலி வேலையாகிவிடும், கொடுப்பவர் சொன்னபடி ஆட வேண்டிவரும் என்கிறார்கள் தோழர்கள். நான் எழுதியது சரிதானா? விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா? வேறு என்ன வாய்ப்புகள் இருக்கின்றன? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மகளே,

உனக்கு வந்த அந்தக் கூச்சம் எனக்கு வந்திருக்க வேண்டும். போன மாதம் ஒரு சமூகநீதிக் கருத்தரங்கில் பேசப் போயிருந்தேன். எனக்குப் பொன்னாடை போர்த்தி, கவர் கொடுத்து, காரில் ஏற்றி அனுப்பினார்கள். வழியில் பேருந்து நிறுத்தத்தில் எட்டுப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். காலையில் பறையடித்து நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தவர்கள். கையில் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம். காரை நிறுத்தி, எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நம்ம நிகழ்ச்சிதானேம்மா" என்றாள் ஒருத்தி. ஒரு மணி நேரம் பேசியதற்கு நான் கூசாமல் கவர் வாங்கியிருந்தேன். வைக்கோல் கொளுத்தித் தோல் காய்ச்சி, வெயிலில் அரை மணி நேரம் ஆடி அடித்த பிள்ளைகளுக்குப் பேருந்துக் காசுகூட இல்லை. அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தது.

'தேவையில்லை' என்று எழுத உனக்கு யாரடி உரிமை கொடுத்தது? உனக்குத் தேவை இருக்கிறது. முகூர்த்த நாளில் விடியும் முன்னே எழுந்து சாம்பார் வாளி தூக்குகிறவள் நீ. மூன்று மாதம் கிராமத்தில் தங்கினால் அந்த 500 ரூபாய் நிற்கும். அதை யார் ஈடுகட்டுவார்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உன்னைப் பெற்றவள் என்று நினைக்கிறேன். சேவை செய்தவள் என்று உன் பெயர் வரும், செலவு அவள் கணக்கில் ஏறும்.

1991, 92இல் நான் கல்லூரியில் படித்தேன். புதுக்கோட்டையில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம். தாவணி போட்ட பெண்களும் பேரன் எடுத்த பெண்களும் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டு தெருத்தெருவாகப் போனதைப் பார்த்தவள் நான். அந்தக் காற்றில் நாங்களும் கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரு வீதி நாடகக் குழு வைத்திருந்தோம். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. டீ, வறுக்கி, போகிற ஊரில் யாராவது போடும் சோறு. எங்களில் நன்றாகப் பாடுகிறவள் என் வகுப்புத் தோழி. அவள் குரல் எடுத்தால் தெருமுனையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு வருவார்கள். மூன்று வாரம் வந்தாள், பிறகு வரவில்லை. 'அவளுக்குப் பொறுப்பில்லை' என்று குழுவில் பேசினோம். அப்படி முதலில் சொன்னது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேடி ஊருக்குப் போனேன். கல்குவாரியில் இருக்கிறாள் என்றார்கள். அங்கே அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தி விரலில் படாமல் இருக்க சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக வெட்டி இடது கை விரல்களில் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "நாடகத்துக்குப் போன நாளெல்லாம் அம்மா ஒத்தையா உடைக்குது" என்றாள். அவ்வளவுதான். எங்கள் குழுவில் கடைசிவரை நின்றவர்கள் யார் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள், கடை வைத்திருந்தவர் பிள்ளைகள், நான். என் அப்பாவுக்கு அரசாங்கச் சம்பளம். ஊர் ஊராகப் போய் ஏழைகளின் பாட்டை நாங்கள் பாடினோம். அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரி கல் உடைத்துக்கொண்டிருந்தாள்.

உன் தோழர்கள் 'கூலி வேலையாகிவிடும்' என்கிறார்களே, கூலி என்றால் அவ்வளவு இளப்பமா? பறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? அந்தக் கருவியின் கதை அவர்களுக்குத் தெரியுமா? சோழர் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று வரும். காசில்லாமல் ஊருக்கும் அரசுக்கும் உழைத்தே தீர வேண்டிய கட்டாயத்துக்குப் பெயர் அது. கூலி இல்லாத வேலைக்கு வெட்டி என்று பெயர் இருந்தது. இன்று வேலையே இல்லாதவனை 'வெட்டியா இருக்கான்' என்கிறோம், பயனற்றதை 'வெட்டி வேலை' என்கிறோம். உழைப்பைப் பிடுங்கிக்கொண்டோம், பிறகு அந்த உழைப்பின் பெயரையே வசைச்சொல்லாக்கினோம். சாவுக்குப் பறையடிப்பது பல ஊர்களில் அப்படித்தான் நடந்தது. அடிக்கிறவனுக்கு மாட்டேன் என்று சொல்லும் உரிமை கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதை மறுத்து 'இனி அடிக்க மாட்டோம்' என்று சொன்ன இளைஞர்கள் அடிபட்டார்கள், ஊர்விலக்கம் பட்டார்கள். அப்படி மறுத்த பிறகுதான் அதே பறையை விடுதலையின் கருவி என்று மேடைக்குக் கொண்டுவர முடிந்தது. 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதைத் தோளில் மாட்டியபோது அந்த மறுப்பின் பலத்தில்தான் மாட்டினார்கள். இவ்வளவு தூரம் வந்த கருவியை, சமூகநீதியின் பெயரைச் சொல்லியே நீ மறுபடி வெட்டிக்கு அடிக்கப் போகிறாயா?

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கூலியில்லாத கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டுமான வேலை செய்தவர்கள் வழக்கில், 1982இல், உச்சநீதிமன்றம் ஒரு படி மேலே போனது. வறுமை நெருக்குவதால் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை செய்கிறவரின் உழைப்பும் கட்டாய உழைப்பே என்றது. உன்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ இலவசமாகச் செய்தால், அடுத்து வருகிறவளிடம் 'அவள் சும்மாதானே செய்தாள்' என்பார்கள். அந்த அடுத்தவள் கல் உடைக்கிறவளாக இருப்பாள். அவளால் வர முடியாது.

காசு வாங்கினால் போராட்டம் நீர்த்துவிடுமா? 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில். மாதம் 11.50 பவுண்ட், மூன்று ஆண்டுகளுக்கு. இந்தியாவில் சாதிகள் எப்படி உருவாயின என்ற ஆய்வுரையை அவர் அங்கே 1916இல் படித்தார். பிறகு லண்டனுக்குப் படிக்கப் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் அந்தப் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. காசு சேர்த்து மறுபடி போக 1920 ஆனது. அந்த 11.50 பவுண்டை அவர் கூச்சப்பட்டு வேண்டாம் என்றிருந்தால் நீயும் நானும் இன்று எங்கே நின்றுகொண்டிருப்போம் என்று உன் தோழர்களைக் கேள்.

கொடுப்பவர் சொன்னபடி ஆட வேண்டிவருமா என்பது நியாயமான பயம். பணம் யாருடையது, நாடகப் பிரதியை யார் திருத்துவார்கள் என்று முதல் நாளே கேள். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடு. சும்மா செய்தாலும் இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். தமிழிலா ஆங்கிலத்திலா என்பதெல்லாம் ஒரு கேள்வியா? உனக்கு எதில் பொய் வராதோ அதில் எழுது.

வேறு வாய்ப்பு கேட்டாய். ஒன்றிய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு ஓர் உதவித்தொகை தருகிறது. 18 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். நாடகமும் நாட்டார் கலைகளும் அதில் உண்டு, குருவிடம் பயிற்சி பெற வேண்டும். சபா மேடைக்குத் தயாராகிற பிள்ளைகள் வீட்டில் அந்த அறிவிப்பு வந்ததும் தெரிந்துவிடுகிறது. பறையடிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? உன் குழுவில் எல்லோரிடமும் சொல். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. மிகக் குறைவு, நானும் அன்று குறை சொன்னேன். ஆனால் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண்ணின் கையில் ஏதாவது வைக்க வேண்டும் என்ற ஒப்புதல் அதில் இருந்தது. எங்கள் காலத்தில் அதுகூட இல்லை.

என் தோழி பிறகு பாடியதாக நான் கேள்விப்படவில்லை. திருமணமாகித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள்.

அந்தத் தாளை எடு. 'தேவையில்லை' என்பதை அடி. மூன்று மாதத்தில் எத்தனை முகூர்த்தம் வருகிறது என்று காலண்டரில் எண்ணி, அந்தக் கூலியை எழுது. அதன்மேல் நாடகத்துக்கான உன் உழைப்பைத் தனியாகப் போடு. பேருந்துச் செலவு, சாப்பாடு, பறைத்தோல் கிழிந்தால் மாற்றும் செலவு எல்லாம் வேறு. எந்தத் தேதியில் கொடுப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கு. பறையடிக்கும் சிண்டுக்குச்சி பிடித்து உன் விரலிடுக்கு காய்த்திருக்கும். அந்தக் கையாலேயே எண்ணை எழுது. எழுதிவிட்டு எவ்வளவு போட்டாய் என்று எனக்குச் சொல். குறைத்துப் போட்டிருந்தால் மறுபடி திட்டுவேன்.

அன்புடன்,
அம்மா