முக்திநாத் போக வேன் வாங்கலாமா?

கேள்வி: வயது 61. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பென்ஷனில் குடும்பம் ஓடுகிறது. 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, வட்டியைத் தொடவில்லை. நண்பர் ஒருவர் பழைய டிராவலர் வேன் 6 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன், இன்னும் 5 லட்சம் போட்டால் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து கேரவன் ஆக்கிவிடலாம் என்கிறார். அதிலேயே நாங்கள் இருவரும், மச்சானும் அவர் மனைவியும் நேபாளம் முக்திநாத் கோவில் வரை போய் வர ஆசை. டெபாசிட்டை எடுக்கலாமா? 20,000 முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பதில்: போய் வாருங்கள் சார், முட்டி ஒத்துழைக்கும்போதே போவதுதான் நல்லது. வேன் மட்டும் வேண்டாம்.

முதலில் டெபாசிட். 15 லட்சமும் ஒரே கணக்கில் இருந்தால் அதில் பாதியை மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், உங்களுக்கு 22,500. அதைக்கூட விடுங்கள். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 30,750 வருகிறதே, அது போய்விடும். வேனுக்கு 11 லட்சம் போக மிஞ்சுவதை மறுபடி போட்டாலும் மூன்று மாதத்துக்கு எட்டாயிரம்கூட வராது.

அப்புறம் அந்த வேன். பழைய டிராவலர் பெரும்பாலும் மஞ்சள் போர்டாகத்தான், அதாவது வாடகை வண்டியாகத்தான் இருக்கும், அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடக்க வேண்டும், உள்ளே கட்டில் அடுப்பு வைத்தால் வண்டியை மாற்றி அமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வரும், ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார். பாலிசியில் 'புவியியல் எல்லை' என்று ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள். இந்தியா என்று மட்டும் போட்டிருந்தால் நேபாள எல்லையில் இருக்கும் சுனௌலி கேட்டைத் தாண்டியதும் அந்த பாலிசி செல்லாது. தனியாகப் பணம் கட்டி ஐ.எம்.டி. 1 எண்டார்ஸ்மென்ட் (அந்த எல்லையை நீட்டும் சேர்ப்பு) வாங்கினால்தான் நேபாளம் சேரும். எல்லையில் பன்சார் என்கிற சுங்கச் சீட்டு வேறு, எத்தனை நாள் வண்டி உள்ளே இருக்கிறதோ அத்தனை நாளுக்கு.

டீசல் கணக்கும் பார்ப்போம். போக வர, சுற்ற எல்லாம் சேர்த்து 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலே 55,200. இவ்வளவும் செய்து போக்ரா சேர்ந்தால், அதற்கு மேல் பெனி, ஜோம்சோம் வழியாகக் காளி கண்டகியை ஒட்டி ஏறும் பாதையில் சிலிண்டரும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிய வேனை நான் விடமாட்டேன். கோவில் இருப்பது சுமார் 3,700 மீட்டர் உயரத்தில். கடைசியில் வேனை நிறுத்திவிட்டு ஜீப்தான் பிடிப்பீர்கள்.

திரும்பி வந்ததும் எங்கே நிறுத்துவீர்கள்? பெரம்பூர் சந்துகளில் ஆட்டோ திரும்பவே இடம் இல்லை. மாதவரம் பக்கம் லாரி யார்டில் மாதம் 3,000 கேட்டால்கூட வருடத்துக்கு 36,000 ஆச்சு.

வாழ்நாள் முழுக்க ரயில் பெட்டி செய்துவிட்டு ரோட்டில் போகிறேன் என்கிறீர்களே சார்! ரயில்வே பாஸை எடுங்கள். சென்னை வழியாகப் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி, நடந்தே எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் நான்கு பேருக்கு ஒரு ஜீப். தொடாமல் கிடக்கும் வட்டியில் நான்கு தவணை 1,23,000, தாராளமாகப் போதும், மச்சானும் பங்கு போட்டால் மிச்சமே பிடிக்கலாம். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள், பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை. பணத்தை 100 ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், நம் 100 ரூபாய் அங்கே 160 நேபாள ரூபாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை சரியும் காலம், அப்போது வேண்டாம்.

பக்கத்து நாடு என்றால் இலங்கைதானே கிட்டம் என்று மச்சான் கேட்பார். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் ஆட்கள்தான் போகலாம், வேன் ஏறாது.

முன்பணம் 20,000. நண்பரிடம் இந்த வாரமே கேளுங்கள், வேன் உரிமையாளர் கைக்குப் போகாமல் இருந்தால் முழுசாகவே வரும். பாதிதான் தருவேன் என்றாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், கொடுத்த 20,000 வீணாகக் கூடாது என்று 11 லட்சத்தைப் பின்னாலேயே அனுப்பாதீர்கள்.