எல்லை காட்ட ஆள் இல்லாத நிலம்

வடக்கு உகாண்டாவில் சண்டை 2006-லேயே ஓய்ந்துவிட்டதே, அப்புறமும் ஏன் அங்கே அமைதி, நிர்வாகம், மறுவாழ்வு என்று இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது கேள்வி.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை, திருச்செங்கோட்டுக்காரன். எங்கள் ஊரில் போர் என்றால் ஆழ்துளைக் கிணறுதான். சண்டையைச் சண்டை என்றே சொல்வோம். 2009-லிருந்து இரண்டு வருடம் வடக்கு உகாண்டாவில் குலு பக்கம் ரிக் வண்டியில் சூப்பர்வைசராக இருந்தேன். பூமிக்கு அடியில் துளை போடப் போனவன் மேலே பார்த்ததைச் சொல்கிறேன்.

1986-ல் முசெவேனி ஆட்சியைப் பிடித்தார். அதை எதிர்த்து வடக்கில் அச்சோலி மக்களிடையே கிளம்பிய கூட்டங்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தது ஜோசப் கோனியின் எல்.ஆர்.ஏ. (லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி) என்ற ஆயுதக் கும்பல். யாருக்காகச் சண்டை போடுவதாகச் சொன்னார்களோ, அந்த அச்சோலிப் பிள்ளைகளையே தூக்கிக்கொண்டு போய் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். அரசாங்கம் தன் பங்குக்கு 1996-லிருந்து கிராமத்து ஜனங்களை முகாம்களுக்கு விரட்டியது. 2005 வாக்கில் முகாம்களில் சுமார் 18 லட்சம் பேர். அந்த வருடம் அரசின் சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் எடுத்த கணக்கில், அச்சோலிப் பகுதியில் வழக்கத்தைவிட வாரத்துக்குச் சுமார் 1,000 பேர் கூடுதலாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். குண்டடி பட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் போனவர்கள்தான் அதிகம்.

2006 ஆகஸ்டில் சண்டை நிறுத்தம். தெற்கு சூடானின் ஜூபாவில் நடந்த பேச்சுவார்த்தையின் கடைசி ஒப்பந்தத்தில் 2008-ல் கோனி கையெழுத்துப் போட வரவே இல்லை. ஆனால் அதற்குள் அவர் ஆட்கள் காங்கோ காட்டுக்குப் போய்விட்டதால் உகாண்டாவுக்குள் சண்டை திரும்பவில்லை. ஜனங்கள் முகாமை விட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். போகிற இடத்தில் தண்ணீர் வேண்டுமே, அதற்குத்தான் எங்கள் வண்டி.

அங்கே வைக்கிற அடிபம்புக்குப் பெயர் யூ2. பார்த்தவுடன் சிரித்துவிட்டேன், நம்ம ஊர் இந்தியா மார்க் 2-வின் உகாண்டா அவதாரம் அது. சாப்பாடும் அந்நியமாக இல்லை. எள், மரவள்ளி, அப்புறம் புளிச்சகீரைக்குச் சொந்தக்கார மலக்வாங் கீரையை நிலக்கடலை விழுதில் கடைந்து தருவார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஊரில் நீரோட்டம் பார்த்து, புள்ளி குறித்து, வண்டியையும் நிறுத்திவிட்டோம். துளை போடும் முன் நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஊர்த் தலைவர் ஒருவரைக் கூட்டி வந்தார், அவரும் கையெழுத்துப் போட்டார். கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்த சத்தம் கேட்டு இன்னொரு குடும்பம் ஓடி வந்தது. நிலம் தங்களுடையதாம். காகிதம் இரண்டு பேரிடமும் இல்லை. நான் ஹெல்பர் பையனிடம், "பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லேன்" என்றேன். அவன் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்: "பாஸ், எல்லை தெரிந்த லடிட் முகாமிலேயே இறந்துவிட்டாராம்." லடிட் என்றால் அவர்கள் பேச்சில் ஐயா, பெரியவர். அவர் எல்லை காட்டுகிற மரம் என்று சொல்லிக்கொண்டிருந்த மரமும் இல்லை, யாரோ கரிக்கு வெட்டிவிட்டார்கள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனோம். அந்த மாதிரி நாலைந்து இடம் இருக்கும்.

என்னைக் கேட்டால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதற்குள் இருக்கிறது. அச்சோலிப் பகுதியில் நிலம் பட்டாவில் இல்லை, வம்சத்தில் இருக்கிறது. ஓடை, புற்று, மரம், பாட்டன் புதைத்த இடம், இவைதான் எல்லைக்கல். 1995 அரசியல் சட்டமும் 1998 நிலச் சட்டமும் இந்த வழக்கத்து உரிமையை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் சட்டம் ஒப்புக்கொண்டாலும் எல்லையைச் சொல்ல ஆள் வேண்டும். பத்து வருடம் முகாமில் கிடந்தவர்களில் பெரியவர்கள் செத்துப்போனார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு சோள மாவு லாரி வரும் நாள் தெரியும், தாத்தாவின் காடு எதுவரை என்று தெரியாது. திரும்பி வந்ததும் அண்ணன் தம்பிக்குள், விதவைக்கும் கொழுந்தனுக்கும், வம்சத்துக்கும் வம்சத்துக்கும் தகராறு. துப்பாக்கிச் சண்டை முடிந்த இடத்தில் அரிவாள் சண்டை.

இதில் ரொம்பவும் அடிபட்டவர்கள் கடத்தப்பட்டுத் திரும்பிய பெண்கள். 2000-ல் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தால் எல்.ஆர்.ஏ.வை விட்டு வந்த 12,000-க்கும் மேற்பட்டோர் மன்னிக்கப்பட்டார்கள். மெத்தை, போர்வை, பாத்திரம், மண்வெட்டி, விதை, கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மண்வெட்டி கொடுத்தார்கள், வெட்ட மண்? அப்பன் வம்சத்து வழியில்தான் நிலம் வரும். எல்.ஆர்.ஏ. பிடியில் காட்டில் பிறந்த பையனுக்கு அப்பன் பெயர் தெரியாது, தெரிந்தாலும் வெளியே சொல்ல முடியாத பெயராக இருக்கும். அம்மாவின் அண்ணன்மார் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்வார்கள். பையனுக்கு மீசை முளைத்ததும், நாளைக்கு இவன் பங்கு கேட்பானே என்ற பயம் வந்துவிடும். அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் புதுப் புருஷன் பிள்ளையைக் கூட்டி வராதே என்பான். எங்கள் சமையல்காரம்மா அப்படித் திரும்பி வந்தவர். ஊருக்குப் போகாமல் குலு டவுனில் ஒற்றை அறையில் மகனோடு இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாத்தோ ஓபுட் என்ற அச்சோலிச் சடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொன்றவன் வம்சமும் செத்தவன் வம்சமும் உட்கார்ந்து, நடந்ததை ஒப்புக்கொண்டு, ஈடு பேசி, கசப்பு வேர்ச் சாற்றை ஒரே கலத்தில் சேர்ந்து குடிப்பார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் யார் யாரைக் கொன்றார்கள் என்று தெரிந்தால்தானே உட்கார முடியும்? பத்து வயதில் பிடித்துக்கொண்டு போன பையன், இருட்டில் எந்த ஊரில் யாரை வெட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அமைதி, மீட்பு, வளர்ச்சி என்று ஒரு பெரிய திட்டத்தை 2007-ல் அறிவித்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் வந்தன. ஆனால் 2012-ல் தணிக்கையில் பிடிபட்டது: வடக்குக்கென்று வெளிநாடுகள் கொடுத்த பணத்தில் சுமார் 1.2 கோடி டாலர் பிரதமர் அலுவலகத்தின் வழியாக வேறு கணக்குகளுக்குப் போயிருந்தது. அயர்லாந்துக்கு மட்டும் 40 லட்சம் யூரோவை உகாண்டா திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. கட்டிடம் கட்டினால் படம் எடுத்து அனுப்பலாம், எல்லைத் தகராறு தீர்த்ததை எப்படிப் படம் எடுப்பது? அதனால் அந்த வேலைக்குக் காசு ஒதுக்குவதில் யாருக்கும் பெரிய அவசரம் இல்லை.

இன்னொன்று, மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே போனது. பழைய குலுவிலிருந்து 2006-ல் அமுரு, அமுருவிலிருந்து 2010-ல் நுவோயா. புது மாவட்டம் என்றால் புது ஆபீஸ், புது ஜீப், அதோடு சேர்ந்து புதுக் கோடு. அபா என்ற இடம் அமுருவில் இருக்கிறதா, பக்கத்து மாவட்டமான அட்ஜுமானியிலா என்ற சண்டையில் குடிசைகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். வனவிலங்குத் துறை அது வனவிலங்குக் காப்பகம் என்கிறது. குடும்பத்துக்குள் இருந்த அதே தகராறுதான், அளவு மட்டும் பெரிது.

நீதிமன்றப் பக்கம் மெதுவாகத்தான் போகிறது. சின்ன வயதில் கடத்தப்பட்டு எல்.ஆர்.ஏ. தளபதியான டொமினிக் ஒங்வெனுக்கு ஹேகில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் 2021-ல் 25 வருடத் தண்டனை. 2024-ல் அவர் வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 கோடி 20 லட்சம் யூரோ இழப்பீடு என்று உத்தரவு. அதில் ஆளுக்கு 750 யூரோ கையில் கொடுக்கச் சொன்னார்கள். ஒங்வெனிடம் பணம் கிடையாது, நன்கொடை திரட்டித்தான் கொடுக்க வேண்டும். கோனி இன்னும் பிடிபடவில்லை.

நாங்கள் கடைசியாகத் துளை போட்ட இடம் ஒரு ஆரம்பப் பள்ளி வளாகம். பள்ளி நிலத்தில் தகராறு வராது என்று நம்பிப் போட்டோம். 200 அடியில் நல்ல தண்ணீர். அந்த ஹெல்பர் பையன் இப்போது சொந்தமாகப் பம்பு ரிப்பேர் பார்க்கிறான், போன வருடம் வாட்ஸ்அப்பில் அந்தப் பம்பின் போட்டோ அனுப்பினான். வாஷர் ஒரு தடவைதான் மாற்றினானாம். பள்ளிக்கு நிலம் கொடுத்தவரின் பேரன், தாத்தா கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டு வேலி போட்டிருக்கிறானாம். பம்பு வேலிக்கு உள்ளே இருக்கிறது.